பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் காற்றாலை: வீட்டிலேயே கட்டுவது, அளப்பது, சரிசெய்வது

வீட்டில் காற்றாலை கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இறக்கையில்தான் தொடங்குகிறார்கள். ஒரு குழாயை வெட்டி மூன்று இறக்கை செய்து, கையில் கிடைத்த மோட்டாரில் மாட்டி, கம்பத்தில் ஏற்றி, அது சுழல்வதைப் பார்த்ததும் முக்கால்வாசி வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சுழலத்தான் செய்கிறது. ஆனால் பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர்கூடப் போவதில்லை. 12 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரம் நுழைய வேண்டுமென்றால் ஜெனரேட்டர் அதைவிடக் கூடுதலான வோல்ட் கொடுக்க வேண்டும், அந்த வோல்ட் வருவதற்கான வேகத்தை உங்கள் இடத்துச் சாதாரணக் காற்றிலேயே இறக்கைகள் எட்ட வேண்டும். இந்தப் பொருத்தம் அமையாவிட்டால் எவ்வளவு அழகாகச் செதுக்கிய இறக்கையும் வீண்தான்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் கணக்கு, அப்புறம் ஜெனரேட்டர், அதற்குப் பிறகு இறக்கை, கடைசியில் கம்பம். ஒவ்வொன்றையும் தரையிலேயே சோதித்துப் பார்க்காமல் மேலே ஏற்றக் கூடாது. உதாரணத்துக்கு 2 மீட்டர் விட்டமுள்ள, மூன்று இறக்கைகள் கொண்ட, 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் காற்றாலையை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப் பட்டறையில் ஒருவரோ இருவரோ சேர்ந்து சமாளிக்கக்கூடிய அளவு இதுதான்.

காற்றில் எவ்வளவு இருக்கிறது

காற்றின் அடர்த்தியில் பாதி, அதை இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பால் பெருக்கி, காற்றின் வேகத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கி வந்ததால் மறுபடி பெருக்கினால் அந்த வட்டத்தின் வழியே போகும் சக்தி வாட்டில் கிடைக்கும். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ. 2 மீட்டர் விட்டத்துக்குப் பரப்பு 3.14 சதுர மீட்டர். நொடிக்கு 3 மீட்டர் காற்றில் (மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர்) 52 வாட், 5 மீட்டரில் 240 வாட், 10 மீட்டரில் 1,920 வாட். வேகம் இரட்டிப்பானால் சக்தி எட்டு மடங்கு ஆகிறது, இதை மட்டும் மறக்கவே கூடாது.

இதை முழுசாக எடுக்க யாராலும் முடியாது. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டார், எந்தக் காற்றாலையும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று. காற்றை முழுக்க நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது, அதுதான் விஷயம். நாம் கையால் செய்யும் இறக்கை, ஜெனரேட்டர், டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்), கேபிள் எல்லாவற்றின் இழப்பும் போக பேட்டரிக்கு 20 முதல் 25 சதவீதம் சேர்ந்தால் அது நல்ல காற்றாலை. அப்படிப் பார்த்தால் 3 மீட்டர் காற்றில் பத்து வாட், 5 மீட்டரில் ஐம்பது அறுபது, 10 மீட்டரில் நானூறு சொச்சம். இரண்டு மீட்டர் விட்டத்தில் ஆயிரம் வாட் என்று யாராவது சொன்னால், எந்தக் காற்று வேகத்தில் என்று கேளுங்கள்.

நாள் கணக்கில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு உச்ச வாட் உதவாது, சராசரி வேகம்தான் வேண்டும். காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. சராசரி 4 மீட்டர் என்றால் சில நேரம் 2, சில நேரம் 8 இருக்கும், அந்த 8-ல் வருவது மிக அதிகம். இடங்களில் வழக்கமாகக் காணப்படும் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பார்த்தால், சராசரி வேகத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கைக் கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஆக்க வேண்டும். சராசரி 4 மீட்டருக்கு 123 வாட், 1.9 மடங்கு 235 வாட், அதில் 20 சதவீதம் 47 வாட். ஒரு நாளுக்கு 1.1 யூனிட். சராசரி 3 மீட்டர் என்றால் இதே கணக்கு அரை யூனிட்டுக்கும் கீழே போய்விடும், நடைமுறையில் இன்னும் குறையும், ஏனென்றால் மெல்லிய காற்றில் சார்ஜே ஆரம்பிக்காது. உங்கள் இடத்தில் சராசரி 3 மீட்டருக்குக் கீழே என்றால், சோலார் பேனல் வாங்குங்கள் என்றுதான் நேர்மையாகச் சொல்வேன். ஒரு காற்றுமானியைக் கம்பத்தில் கட்டிச் சில மாதங்களாவது பதிவு பண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த ஜெனரேட்டர்

கார் ஆல்டர்நேட்டரைத்தான் முதலில் எல்லாரும் நினைப்பார்கள், எங்கும் கிடைக்கும் என்பதால். அது இந்த வேலைக்கு ஒத்துவராது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் உருப்படியாகச் சார்ஜ் கொடுக்கும், நம் இறக்கை சுற்றுவதோ இருநூறு முந்நூறு. அதோடு உள்ளே காந்தப்புலம் உருவாக்கவே பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும். பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து வேகத்தைக் கூட்டலாம், ஆனால் மெல்லிய காற்றில் கிடைக்கும் கொஞ்ச வாட்டும் உராய்விலேயே போய்விடும்.

டிரெட்மில் மோட்டார் நல்ல தொடக்கம். நிரந்தரக் காந்தமுள்ள டிசி மோட்டார் அது, சுற்றினால் அப்படியே டிசி வரும். தகட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 260 வோல்ட், 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அளவு) என்று இருந்தால் ஒரு ஆர்பிஎம்முக்கு 0.065 வோல்ட். 14 வோல்ட் வர 215 ஆர்பிஎம் போதும். ஆனால் அதே தகட்டில் ஆம்பியரும் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். 5 ஆம்பியர் என்றால் 14 வோல்ட்டில் 70 வாட்தான் அதனிடம் எடுக்க முடியும், அதற்கு மேல் எடுத்தால் சுருள் சூடாகி எரியும். ஒரு மீட்டர் விட்டத்துக்குச் சரி, இரண்டு மீட்டருக்குப் போதாது. அது பேட்டரி கரண்டிலேயே மோட்டாராக ஓடிவிடாமல் இருக்க நடுவில் ஒரு டயோடும் தேவை. மின்சார சைக்கிளின் ஹப் மோட்டாரும் நன்றாக உழைக்கும், உள்ளே கியர் இல்லாத நேரடி வகையாகப் பார்த்து எடுங்கள்.

நான் பரிந்துரைப்பது கையால் கட்டும் வட்டத்தட்டு ஆல்டர்நேட்டர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹியூ பிகாட் பல வருடங்களாகச் செய்து, உலகம் முழுக்கப் பலருக்கும் கற்றுக்கொடுத்த அமைப்பு இது. இரண்டு இரும்புத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் 12 நியோடிமியம் காந்தங்கள், நடுவில் ரெசினில் வார்த்த 9 செம்புச் சுருள்கள், சுழல்வதற்கு ஒரு கார் சக்கரத்தின் ஹப். சுருளுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் பிடித்து நிறுத்துவதில்லை, மெல்லிய காற்றிலேயே சுழலத் தொடங்கிவிடும்.

காந்தங்களை ஒட்டும்போது வடக்கு, தெற்கு என்று மாறி மாறி வர வேண்டும், எதிர்த் தட்டில் அதற்கு நேராக எதிர்த் துருவம் வர வேண்டும். கையில் ஒரு காந்தத்தைக் குறி போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஒன்று இழுக்கும், அடுத்தது தள்ளும். ஒரு காந்தம் திரும்பியிருந்தால்கூடப் பிறகு எதுவும் கணக்குக்கு வராது. இந்தக் காந்தங்கள் விளையாட்டுப் பொருள் அல்ல. இரண்டு காந்தத்துக்கு நடுவில் விரல் மாட்டினால் நசுங்கும், இரண்டு தட்டுகள் தாமாக ஒட்டிக்கொண்டால் கையால் பிரிக்கவே முடியாது. இரண்டாவது தட்டை இறக்க மூன்று நீளமான திருகு போல்ட்டுகளை வைத்து, சிறிது சிறிதாகத்தான் இறக்க வேண்டும். உடலில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பக்கத்தில் வரவே கூடாது. சாதாரண ரகக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலு இழக்கும், ஈரம் பட்டால் உள்ளே துருப்பிடித்து உதிரும், அதனால் தட்டையும் ரெசினில் மூடிவிடுங்கள்.

ஒரு சுருளில் கம்பி எத்தனை சுற்று? இதைத்தான் எல்லாரும் யாரிடமாவது கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் காந்தம் வேறு, உங்கள் இடைவெளி வேறு, அதனால் அளந்து பார்ப்பதுதான் வழி. 3 மீட்டர் காற்றில் சார்ஜ் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இறக்கையின் நுனி காற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் போகும் என்றால் நொடிக்கு 18 மீட்டர். வட்டத்தின் சுற்றளவு 6.28 மீட்டர். ஆக நிமிடத்துக்குச் சுமார் 170 சுற்று. அந்த வேகத்தில் பேட்டரியின் 12.6 வோல்ட்டும், டயோடுகளில் போகும் 1.4 வோல்ட்டும் சேர்த்து 14 வோல்ட் டிசி வேண்டும். மூன்று சுருள்கள் தொடராக ஒரு ஃபேஸ் (ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் சுருள்களின் தொகுதி), மூன்று ஃபேஸ்களும் ஸ்டார் இணைப்பில் (ஒரு பக்க முனைகள் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து), பிறகு டயோடுகளால் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் என்னும்போது ஒரு சுருளின் ஏசி வோல்ட்டைக் கிட்டத்தட்ட ஏழால் பெருக்கினால் டிசி வந்துவிடும். ஆக ஒரு சுருள் 170 ஆர்பிஎம்மில் 2 வோல்ட் தர வேண்டும்.

இப்போது 20 சுற்றில் ஒரே ஒரு சோதனைச் சுருள் சுற்றுங்கள். இரண்டு தட்டுகளையும் கடைசியில் இருக்கப்போகும் அதே இடைவெளியில் வைத்து, சுருளை நடுவில் அசையாமல் பிடித்து, டிரில் மெஷினை ஹப்பில் கோத்துச் சுற்றுங்கள். மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்தாலே வேகம் தெரிந்துவிடும்: 12 காந்தம் என்றால் ஆறு ஜோடி, அதனால் ஹெர்ட்ஸைப் பத்தால் பெருக்கினால் ஆர்பிஎம். 40 ஹெர்ட்ஸ், அதாவது 400 ஆர்பிஎம் வரை கொண்டுபோய் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். கையால் மெதுவாகச் சுற்றி அளப்பதை நம்ப வேண்டாம், பல மல்டிமீட்டர்கள் பத்து ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏசியைத் தப்பாகக் காட்டும். 400 ஆர்பிஎம்மில் 2.6 வோல்ட் வந்தது என்றால் ஒரு சுற்றுக்கு 0.13 வோல்ட். நமக்கு 170-ல் 2 வோல்ட் வேண்டும், அது 400-ல் 4.7 வோல்ட், 0.13-ஆல் வகுத்தால் 36 சுற்று. ஒரு சுருளைச் சுற்றி அளக்க ஆகும் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள், ஒன்பது சுருளையும் ரெசினில் வார்த்த பிறகு எதையும் மாற்ற முடியாது. கம்பி எவ்வளவு தடிமன் என்றால், சுருளுக்குள்ள இடத்தில் 36 சுற்று நிறைகிற அளவுக்கு எவ்வளவு தடிமன் முடியுமோ அவ்வளவு. தடித்த ஒரே கம்பி வளையாது, எனாமல் பூசிய இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துச் சுற்றுங்கள். 24 வோல்ட் என்றால் சுற்று இரண்டு மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்பு பாதி.

எல்லாச் சுருளையும் ஒரே திசையில் சுற்றி, ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கள். 1, 4, 7 ஒரு ஃபேஸ். 2, 5, 8 அடுத்தது. 3, 6, 9 மூன்றாவது. ஒவ்வொரு ஃபேஸின் தொடக்க முனையையும் ஒன்றாகச் சாலிடர் செய்து மூடிவிட்டால் மீதி மூன்று முனைகள் வெளியே வரும். எனாமலை முழுக்கச் சுரண்டாமல் சாலிடர் செய்த இணைப்பு பிறகு சூடாகும், அவசரப்படாதீர்கள்.

வார்த்து முடித்துக் கோத்ததும் மூன்று சோதனை. ஒன்று: முனைகள் எதையும் தொடாமல் கையால் சுற்றிவிடுங்கள், தங்குதடையின்றிச் சுழல வேண்டும். அப்போதே இழுத்துப் பிடித்தால் ஏதோ ஒரு சுருளுக்குள் கம்பிகள் ஒட்டியிருக்கின்றன. இரண்டு: இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் விட்டு விட்டு இழுக்கும், மூன்றையும் சேர்த்தால் ஒரே சீராகக் கனமாக இருக்கும். மூன்று: டிரில்லால் சுற்றி, முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அளவுகள் மட்டும் வெகுவாகக் குறைந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவான ஃபேஸில் ஒரு சுருள் தலைகீழாக இணைந்திருக்கிறது. கடைசியாக, தட்டு சுழலும்போது காந்தத்துக்கும் ரெசினுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள், எங்காவது உரசினால் வெயிலில் ரெசின் சற்று விரியும்போது இன்னும் மோசமாக உரசும்.

இறக்கை

மரம்தான் என் தேர்வு. எடை குறைவானது, நார் நீளவாக்கில் நேராக ஓடுவது, கணு இல்லாதது. பிவிசி குழாய் சின்னக் காற்றாலைக்குச் சரிதான், ஆனால் ஒரு மீட்டர் நீள இறக்கையில் அது காற்றில் துடிக்கும், வெயிலில் நாளாக நாளாக நொறுங்கும் தன்மை வரும்.

மூன்று இடங்களில் அளவு சொல்கிறேன், நடுவில் உள்ளதை நேர்கோடாக இணைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டரில் அகலம் 120 மி.மீ., சாய்வு 18 டிகிரி. 50 சென்டிமீட்டரில் 90 மி.மீ., 8 டிகிரி. நுனியில் 60 மி.மீ., 2 டிகிரி. டிகிரியை மரத்தில் எப்படி அளப்பது என்று குழம்ப வேண்டாம்: காற்றைப் பார்க்கும் முகத்தில் முன்விளிம்பை அப்படியே விட்டுவிட்டு, பின்விளிம்பை 39, 13, 2 மி.மீ. ஆழத்துக்குக் கோடு போட்டு, அந்தக் கோடுவரை இழைத்தால் அந்தச் சாய்வு தானாக வந்துவிடும். நுனி ஏன் இவ்வளவு தட்டை என்றால், நுனி வேகமாகப் போவதால் காற்று அதற்குக் கிட்டத்தட்ட எதிரே இருந்து வருகிறது; அடிப்பக்கம் மெதுவாகப் போவதால் அங்கே காற்று பக்கவாட்டிலிருந்து வருகிறது. பின்முகத்தை வளைவாகச் செதுக்குங்கள், தடிமன் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு, முன்விளிம்பிலிருந்து முப்பது சதவீதத் தூரத்தில் அதிகத் தடிமன். முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு மெல்லியதாகவும் இருக்கட்டும். எந்தப் பக்கம் சுழலப்போகிறது என்பதை மூன்று பலகையிலும் முதலிலேயே அம்புக்குறி போட்டு வைத்துவிடுங்கள், ஒரு பலகை மாறிப்போனால் அது விறகுதான்.

அடிப்பக்கத்தில் ஒரு டிகிரி இரண்டு டிகிரி பிசகினால் பெரிய நஷ்டமில்லை. கவனம் முழுக்க வெளிப்பாதியில் இருக்கட்டும், சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் வருகிறது.

சமநிலையை மட்டும் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மையத்திலிருந்து அரை மீட்டரில் 100 கிராம் கூடுதலாக இருந்தால், 500 ஆர்பிஎம்மில் அது 14 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாக மாறி, நொடிக்கு எட்டுத் தடவை திசை மாறிக் கம்பத்தை உலுக்கும். முதலில் மூன்று இறக்கையையும் தனித்தனியாக எடை போட்டு, எடைமையமும் ஒரே தூரத்தில் வருகிறதா என்று பார்த்து மரத்தைக் குறையுங்கள். பிறகு இரண்டு ஒட்டுப்பலகை வட்டங்களுக்கு நடுவில் மூன்றையும் இறுக்கி, நுனிக்கு நுனி தூரம் மூன்றும் சமமாக, சில மில்லிமீட்டருக்குள் வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள். காற்றில்லாத அறையில் ஹப்பில் மாட்டிச் சுற்றிவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்க வேண்டும். ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் எதிர்ப்பக்கத்தில் சின்ன ஈயத் துண்டைத் திருகுங்கள். சுழலும்போது ஒரு குச்சியை நுனிக்கு அருகே பிடித்துப் பார்த்தால் மூன்று நுனியும் ஒரே தளத்தில் போகின்றனவா என்றும் தெரியும்.

வண்ணம் பூசிய பிறகு முன்விளிம்பில் தேய்மானத்தைத் தாங்கும் ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள், மழைத்துளியும் மணலும் நுனியை அரித்துவிடும்.

வால், கம்பம்

வால் காற்றாலையைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிறது, அது எல்லாருக்கும் தெரியும். பலத்த காற்றில் காற்றிலிருந்து விலக்கவும் வேண்டும், அதுதான் முக்கியம். இறக்கைகளின் அச்சைக் கம்பத்தின் நடுக்கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் விலக்கி வைத்து, வாலின் கீலைச் செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்த்து வெல்டிங் செய்தால், காற்று வலுக்கும்போது இறக்கைகள் பக்கவாட்டில் ஒதுங்கும், வால் தன் எடையை எதிர்த்து மேலே ஏறும், காற்று தணிந்ததும் வாலின் எடையே எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்துவிடும். எந்த வேகத்தில் ஒதுங்க வேண்டும் என்பதை வாலின் எடையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம்: எடை கூடினால் தாமதமாக ஒதுங்கும். வால்தண்டு இறக்கையின் நீளம் இருக்கட்டும், தகடு 40 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறைய வேண்டாம்.

கம்பம் எவ்வளவு உயரம் என்றால், நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விடப் பத்து மீட்டராவது உயரம். பலர் கூரையில் மாட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கூரைக்கு மேல் காற்று சுழித்துக்கொண்டுதான் வரும், வால் ஓயாமல் ஆடும், அதிர்வு சுவர் முழுக்க இறங்கும். வேண்டாம்.

அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும் குழாய்க் கம்பம், நான்கு பக்கமும் ஸ்டே கம்பி, தூக்குவதற்குத் துணையாகக் கம்பத்தோடு செங்கோணத்தில் ஒரு தூக்குக் குழாய். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் இந்த 2 மீட்டர் வட்டத்தின் மேல் 25 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விழும், புயலில் இன்னும் பல மடங்கு, அதனால் தரையில் பதிக்கும் பிடிமானத்தில் கஞ்சத்தனம் கூடாது. முதல் தடவை தூக்கும்போது உச்சியில் காற்றாலை இல்லாமல், அதே எடையுள்ள வேறு பொருளைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகளும் நாய்களும் உட்பட. மின்கம்பி அருகில் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

கேபிளைக் குழாய்க்குள்ளேயே தொங்கவிட்டால் போதும், சுழல் இணைப்பு தேவையில்லை. மாதக்கணக்கில் சில முறுக்குகள் விழும், அடியில் ஒரு பிளக் வைத்துக் கழற்றி முறுக்கைப் பிரித்துவிடலாம், இறக்கைகள் நிற்கும் நேரத்தில் மட்டும்.

பேட்டரிப் பக்கம்

சோலாரில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பேட்டரி நிறைந்ததும் சோலார் கண்ட்ரோலர் பேனலைத் துண்டித்துவிடும், பேனலுக்கு ஒன்றும் ஆகாது. காற்றாலையைத் துண்டித்தால் சுமை போய்விடும், இறக்கைகள் வெறிபிடித்ததுபோல் வேகமெடுக்கும், வோல்ட் எகிறும், கண்ட்ரோலர் எரியும், இறக்கையே பிய்ந்து பறக்கவும் கூடும். சுமையோடு ஓடும்போதே 10 மீட்டர் காற்றில் நுனியின் வேகம் மணிக்கு 216 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் காற்றாலைக்குத் தேவை டம்ப் லோடு கண்ட்ரோலர்: பேட்டரி நிறைந்ததும் மிச்ச மின்சாரத்தை ஒரு பெரிய ரெசிஸ்டருக்குத் திருப்பும், காற்றாலை எப்போதும் சுமையிலேயே இருக்கும். 14.4 வோல்ட்டில் 500 வாட் விழுங்க 0.41 ஓம் வேண்டும், 35 ஆம்பியர் தாங்க வேண்டும். இது நன்றாகச் சூடாகும், மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் தள்ளி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

ஈய அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட்டில் டம்ப் தொடங்கினால் சரி, நாள் முழுக்க அப்படியே இருக்குமானால் 13.8-க்கு இறக்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அறை கூடாது, பக்கத்தில் தீப்பொறி கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் இன்னொரு ஆபத்து: உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) தானாகவே பட்டென்று துண்டித்துக்கொள்ளும், அந்த நொடியில் காற்றாலை அனாதையாகிவிடும். பிஎம்எஸ் துண்டிக்கும் வோல்ட்டுக்குக் கீழேயே டம்ப் தொடங்குமாறு வையுங்கள். அதோடு, பேட்டரியே விலகிப்போனாலும் காற்றாலைப் பக்கத்து வோல்ட்டைப் பார்த்துத் தானாக வேலை செய்யும் டம்ப்பாகவும் அது இருக்க வேண்டும்.

மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர் 35 ஆம்பியரில் 49 வாட் சூட்டை விடும், தடித்த அலுமினிய ஹீட் சிங்க்கில் பொருத்துங்கள். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ். கேபிளில் எவ்வளவு போகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 மீட்டர் தூரம், 10 சதுர மி.மீ. செம்பு, போக வர 40 மீட்டருக்கு 0.07 ஓம். 30 ஆம்பியரில் 2.1 வோல்ட், 63 வாட் அதிலேயே காலி. அதே சக்தியை 24 வோல்ட்டில் எடுத்தால் 15 ஆம்பியர், இழப்பு 16 வாட்தான். கம்பம் தூரத்தில் என்றால் 24 வோல்ட்டுக்கே போய்விடுங்கள்.

இன்னொன்று கட்டாயம்: பிரேக் சுவிட்ச். மூன்று ஃபேஸ்களையும் ஒன்றோடொன்று சேர்க்கும் கனமான சுவிட்ச், ரெக்டிஃபையருக்கு முன்னால். சேர்த்தால் ஆல்டர்நேட்டரே இறக்கைகளைப் பிடித்துக்கொள்ளும். காற்று வலுத்த பிறகு போட்டால் நிற்காமல் சுருள் எரியவும் வாய்ப்புண்டு, புயல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இணைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் கண்ட்ரோலரும் டம்ப் லோடும் பேட்டரியோடு, கடைசியில் காற்றாலை. கழற்றும்போது முதலில் பிரேக்.

மேலே ஏற்றி அளப்பது

காற்றில்லாத காலை நேரத்தில், பிரேக் போட்ட நிலையில் கம்பத்தைத் தூக்குங்கள். மெல்லிய காற்று வந்ததும் பிரேக்கை விட்டு, டம்ப் லோடு சரியான வோல்ட்டில் வேலை செய்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம்தான் வாட் பார்ப்பது.

கம்பத்தில், இறக்கைகளுக்குக் கீழே அவற்றின் காற்று தொந்தரவு செய்யாத இடத்தில், ஆனால் முடிந்தவரை உயரத்தில் காற்றுமானி. பேட்டரி முனையில் வோல்ட், ஷண்ட் (கரண்டை அளக்க உதவும் சின்ன ரெசிஸ்டர்) வைத்து ஆம்பியர், ஒரு ஃபேஸ் ஜோடியில் ஹெர்ட்ஸ். இந்த நான்கையும் நொடிக்கு ஒரு தடவை பதிவு செய்து, ஒரு நிமிடச் சராசரியாக மாற்றி, அரை மீட்டர் வேகத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்துப் போடுங்கள். ஒரு நொடி உச்சத்தைப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை, காற்றுமானியில் பட்ட காற்றுக்கு ஏற்ப இறக்கைகள் வேகம் மாறவே சில நொடி ஆகும். ஒவ்வொரு பெட்டியிலும் பத்திருபது நிமிடமாவது சேர்ந்த பிறகுதான் வரைபடம் நம்பத்தக்கது.

பேட்டரி நிறைந்திருந்தால் டம்ப்புக்குப் போவதை ஆம்பியர் மீட்டர் காட்டாமல் போகலாம், அதனால் சோதனை நாளில் பேட்டரியில் கொஞ்சம் இடம் இருக்கட்டும், அல்லது ஒரு விளக்கை எரியவிட்டு, ரெக்டிஃபையரை ஒட்டி அளந்துகொள்ளுங்கள்.

இப்போது வாட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது நுனி வேக விகிதம், அதாவது இறக்கை நுனியின் வேகம் காற்றின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. 5 மீட்டர் காற்றில் 28 ஹெர்ட்ஸ் என்றால் 280 ஆர்பிஎம், நுனி 29 மீட்டர், விகிதம் 5.9. அருமை, இறக்கை எதற்காகச் செதுக்கப்பட்டதோ அங்கே ஓடுகிறது. 8 மீட்டர் காற்றிலும் 20 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்றால் விகிதம் 2.6-தான், ஆல்டர்நேட்டர் இறக்கைகளை அமுக்கிப் பிடித்திருக்கிறது, காற்று இறக்கையின் முதுகை விட்டு விலகி ஓடுகிறது. ஏற்றத்தில் கனமான கியரில் சைக்கிள் மிதிப்பதுபோல, பலம் இருந்தும் வேகம் பிடிக்க முடியாத நிலை. 12 வோல்ட் காற்றாலைகளில் இது சர்வசாதாரணம், ஏனென்றால் பேட்டரி வோல்ட்டை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருப்பதால் வேகமும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

மருந்து எளிதானதுதான். இரண்டு காந்தத் தட்டுகளுக்கும் நடுவே வாஷர் போட்டு இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் கூட்டுங்கள், காந்தப்புலம் குறையும், சார்ஜ் தொடங்கும் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் நடுத்தரக் காற்றில் இறக்கைகள் விடுபட்டு வேகமெடுக்கும், மொத்தத்தில் வாட் கூடும். ஒரு மில்லிமீட்டர் மாற்றி, மறுபடி ஒரு வாரம் அளந்து, முந்தைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நேர்மாறாக, விகிதம் எட்டு ஒன்பது என்று போய், சத்தம் விர்ரென்று கேட்டால் ஆல்டர்நேட்டர் வலு போதவில்லை, இடைவெளியைக் குறையுங்கள். கூட்டுவதையும் குறைப்பதையும் ஒரே நாளில் செய்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுழல்கிறது, ஹெர்ட்ஸ் நன்றாக வருகிறது, ஆம்பியர் மட்டும் இல்லை என்றால் டயோடு அல்லது ஃபியூஸ் போயிருக்கும், ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருந்தால் காற்றாலை ஓடும்போது தடதடவென்று ஒரு முனகல் கேட்கும். குறிப்பிட்ட ஒரே வேகத்தில் மட்டும் கம்பம் நடுங்கினால் அது கம்பத்தின் இயல்பான அதிர்வு, ஸ்டே கம்பியின் இறுக்கத்தை மாற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் இறக்கைச் சமநிலைதான், கீழே இறக்கியாக வேண்டும். காற்று வலுத்தும் வால் மடங்கவில்லை, ஆம்பியர் 35-ஐத் தாண்டுகிறது என்றால் வாலின் எடையைக் குறையுங்கள். 6 மீட்டர் காற்றிலேயே ஒதுங்கிக்கொண்டால் எடையைக் கூட்டுங்கள்.

முதல் பலத்த காற்று கடந்ததும் கம்பத்தை இறக்கி, இறக்கை போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், புது மரம் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். காந்தத் தட்டுக்கும் சுருளுக்கும் நடுவே உரசல் தடம் இருக்கிறதா, ரெசினில் கறுப்பு நிறம் தட்டியிருக்கிறதா, வால் கீலில் விரிசல் உண்டா, கேபிள் முறுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை இதே சோதனை, பேரிங்குக்குக் கிரீஸ், முன்விளிம்புப் பட்டை தேய்ந்திருந்தால் புதிது. ஸ்டே கம்பியின் கிளாம்ப்புகளை மட்டும் மாதம் ஒரு தடவை கையால் அசைத்துப் பாருங்கள், ஒன்று தளர்ந்திருந்தால் அன்றைக்கே பிரேக் போட்டுவிட்டு இறுக்குங்கள்.